மீட்டர் இல்லாத கிணறுகளின் கணக்கு

2018 பிப்ரவரி 16 அன்று காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது. நடுவர் மன்றம் 2007இல் தமிழ்நாட்டுக்கு ஒதுக்கியிருந்த 419 டி.எம்.சி., 404.25 ஆகக் குறைந்தது. குறைந்த 14.75இல் 4.75 பெங்களூருவின் குடிநீருக்கு. மீதி 10 டி.எம்.சி. எந்தக் கணக்கில் போனது? தமிழ்நாட்டு டெல்டாவின் மண்ணுக்கடியில் 20 டி.எம்.சி. நிலத்தடி நீர் இருக்கிறது, அதில் பத்தையாவது தமிழ்நாட்டின் கையிருப்பாக எடுத்துக்கொள்ளலாம் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. அந்தப் பத்தும் ஆற்றுப் பங்கிலிருந்து கழிந்தது.

மேட்டூர் அணையில் எத்தனை கன அடி திறந்தார்கள் என்பது தினமும் செய்தியில் வருகிறது. மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் எவ்வளவு வந்தது என்பதற்கும் அளவு நிலையம் உண்டு. நிலத்துக்கு அடியில் இருக்கும் தண்ணீருக்கு அப்படி ஒரு அளவுகோல் கிடையாது. அந்த 20 டி.எம்.சி. ஒரு மதிப்பீடு. ஆற்றில் ஓடும் நீரின் பங்கையே ஒரு மதிப்பீடு குறைக்க முடியும் என்றால், அதை எப்படிப் போடுகிறார்கள் என்பது மோட்டார் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். டீ சொல்லிவிட்டு உட்காருங்கள். நாலாம் வகுப்புப் பெருக்கல் தெரிந்தால் போதும். பொறுமை மட்டும் கொஞ்சம் வேண்டும்.

முதலில் அலகு. நிலத்தடி நீர் அறிக்கைகளில் ஹெக்டேர் மீட்டர் என்று இருக்கும். ஒரு ஹெக்டேர் நிலத்தில் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது ஒரு ஹெக்டேர் மீட்டர். லிட்டரில் சொன்னால் சரியாக ஒரு கோடி. ஒரு டி.எம்.சி. என்பது சுமார் 2,832 ஹெக்டேர் மீட்டர். இந்த இரண்டை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் 2022 மதிப்பீடு வரை நிலத்தடி நீரைக் குறுவட்டம் வாரியாக, அதாவது பிர்கா பிர்காவாக மதிப்பிட்டார்கள். மாநிலத்தில் 1,166 பிர்காக்கள். அதற்கு முன்பு ஒன்றியம் வாரியாகப் போட்டார்கள். ஒரே ஒன்றியத்தின் ஒரு மூலையில் வாய்க்கால் பாசனமும் இன்னொரு மூலையில் ஆயிரம் அடி போரும் இருந்தால் சராசரி இரண்டையும் மறைத்துவிடும். பிர்காவுக்கு இறங்கியது நல்ல முடிவு.

ஒரு பிர்காவைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். மேற்கு மாவட்டங்களில் எங்கோ, 100 சதுர கிலோமீட்டர் பரப்பு, 40,000 மக்கள், 1,500 பாசனக் கிணறுகளும் போர்களும், ஆண்டு மழை 700 மில்லிமீட்டர். எண்கள் நான் வைத்தவை. கணக்குப் போடும் முறை, மத்திய அரசின் நிலத்தடி நீர் மதிப்பீட்டுக் குழு 1984இல் வகுத்து, 1997லும் 2015லும் திருத்தியது.

வீட்டு உபயோகத்தை முதலில் முடித்துவிடலாம், அது சுலபம். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்து ஆள் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். நகரங்களில் பாதாளச் சாக்கடை இருந்தால் 135 லிட்டர் என்பது நெறிமுறை. நம் பிர்காவில் 40,000 பேருக்கு நாளைக்கு 22 லட்சம் லிட்டர், வருஷத்துக்கு 80 கோடி லிட்டர். அதாவது 80 ஹெக்டேர் மீட்டர். மேல்நிலைத் தொட்டியில் ஏற்றிய நீர் எல்லாம் வீட்டுக்குப் போய்ச் சேருவதில்லை, குழாய் உடைந்து வழியில் ஒழுகும். மாடு கன்றுக்கும் இதிலிருந்துதான். இன்னொரு பக்கம், கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் பவானித் தண்ணீரோ காவிரித் தண்ணீரோ வந்தால், அந்த அளவை நிலத்தடிக் கணக்கிலிருந்து கழிக்க வேண்டும். இத்தனை ஏற்ற இறக்கம் இருந்தாலும் எண் 80ஐச் சுற்றித்தான் நிற்கும். ஜனத்தொகை தெரியும், ஆள் ஒருவரின் தேவை தெரியும். பெரிதாகத் தவற இடமில்லை.

பாசனத்துக்கு வந்தால் நிலைமை தலைகீழ். தமிழ்நாட்டில் 1984இல் சிறு விவசாயிகளுக்கும் 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசம் ஆனது. வேளாண் இணைப்புகள் 20 லட்சத்துக்கு மேல். அவற்றில் மிகப் பெரும்பகுதிக்கு மின் மீட்டர் கிடையாது. தண்ணீர் மீட்டர் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆகவே ஒரு கிணறு வருஷத்துக்கு எவ்வளவு இறைக்கிறது என்று மாதிரிக்குச் சில கிணறுகளில் பார்த்து, அதைக் கிணறுகளின் எண்ணிக்கையால் பெருக்குகிறார்கள். கிணறுகளின் எண்ணிக்கை சிறுபாசனக் கணக்கெடுப்பிலிருந்து வருகிறது. 1986-87இல் தொடங்கிய அந்தக் கணக்கெடுப்பின் ஆறாம் சுற்று 2017-18ஐ ஆதார ஆண்டாகக் கொண்டது. அதற்குப் பிறகு போட்ட போர் அதில் இருக்காது.

மாதிரிக் கிணற்றில் எப்படி அளப்பது? கருவி ஒன்றும் பெரிதில்லை. 200 லிட்டர் பேரல், கையில் கடிகாரம். மோட்டாரைப் போட்டு, குழாய் வாயில் பேரலை வைத்து, நிரம்ப எத்தனை விநாடி என்று பார்ப்பது. 67 விநாடியில் நிரம்பினால் விநாடிக்கு 3 லிட்டர். ஆனால் எப்போது அளக்கிறோம் என்பது முக்கியம். மோட்டார் போட்ட ஐந்தாவது நிமிடத்தில் வரும் தண்ணீர் இரண்டாம் மணி நேரத்தில் வராது. கிணற்றில் மட்டம் இறங்க இறங்க வரத்து குறையும். தை மாதத்து அளவு சித்திரையில் பாதியாகிவிடலாம். ஒரு தடவை பேரல் வைத்து எழுதிக்கொண்டு போய்விட்டால் அது அந்த நாளின் அந்த நேரத்துக் கணக்கு மட்டுமே.

போர் வண்டிக்காரர்கள் சொல்லும் 'இஞ்சு' கணக்கையும் இங்கே விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் அதில் பலர் ஏமாறுகிறார்கள். வி வடிவத்தில் செங்கோணமாக வெட்டிய தகட்டின் வழியாகத் தண்ணீரை விட்டு, எத்தனை இஞ்சு உயரத்துக்கு வழிகிறது என்று பார்ப்பது முறை. ஒரு இஞ்சு என்றால் நிமிடத்துக்கு எட்டரை லிட்டர். இரண்டு இஞ்சு என்றால் பதினேழு இல்லை, 48 லிட்டர். மூன்று இஞ்சுக்கு 130 தாண்டும். உயரம் கூடும்போது வெட்டின் அகலமும் கூடுகிறது, வேகமும் கூடுகிறது. அதனால் உயரம் இரண்டு மடங்கானால் தண்ணீர் ஐந்தரை மடங்குக்கு மேல் ஆகிறது. அரை இஞ்சு கண் தவறினால் மதிப்பீடு எங்கோ போய்விடும். அதோடு, கம்ப்ரசர் காற்றில் பீய்ச்சும்போது பார்க்கிற தண்ணீர் வேறு, மோட்டார் இறக்கி ஒரு கோடை ஓட்டிய பிறகு வரும் தண்ணீர் வேறு.

சரி, விநாடிக்கு 3 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து எத்தனை மணி நேரம் ஓடுகிறது? நாளைக்கு 5 மணி நேரம், வருஷத்தில் 150 நாள் என்று விவசாயிகளிடம் கேட்டு எழுதுகிறோம். ஒரு கிணற்றுக்கு 81 லட்சம் லிட்டர். 1,500 கிணறுகளுக்கு 1,215 ஹெக்டேர் மீட்டர். அரை டி.எம்.சி.க்குக் கொஞ்சம் குறைவு. ஒரு பிர்காவின் கிணறுகள் மட்டும் இவ்வளவு இறைக்கின்றன. யாரும் எங்கேயும் மதகைத் திறக்கவில்லை, செய்தியிலும் வராது.

இப்போது கவனியுங்கள். ஐந்து மணி நேரம் என்று சொன்னவர் உண்மையில் ஆறு மணி நேரம் ஓட்டினால் என்ன ஆகும்? மும்முனை மின்சாரம் வந்ததும் ஆட்டோ ஸ்டார்ட்டர் தானாக மோட்டாரைப் போட்டுவிடுகிறது, ராத்திரி இரண்டு மணிக்கு எத்தனை நேரம் ஓடியது என்று யாருக்குத் தெரியும்? அந்த ஒரு மணி நேரத்துக்கு 243 ஹெக்டேர் மீட்டர் கூடும். நம் பிர்காவின் 40,000 பேர் வருஷம் முழுக்கக் குடித்து, குளித்து, துவைத்துச் செலவழிப்பது 80. பாசனக் கணக்கில் வரும் ஒரு மணி நேரப் பிழை, ஊர் மொத்தத்தின் வீட்டு உபயோகத்தைப் போல மூன்று மடங்கு. குழாயை மூடிவைக்கச் சொல்லி ஊர் ஊராக விளம்பரம் செய்கிறோம். செய்யட்டும், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கு தவறுகிற இடமும் தண்ணீர் போகிற இடமும் வயலில் இருக்கின்றன. நாடு முழுவதற்கும் இதே நிலைதான். 2023 மதிப்பீட்டில் இந்தியா ஆண்டுக்கு எடுத்த நிலத்தடி நீர் சுமார் 241 பில்லியன் கன மீட்டர். அதில் 87 சதவீதம் பாசனத்துக்கு.

மணி நேரத்தை நம்ப முடியாவிட்டால் மின்சாரத்தை வைத்துப் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி, அது இரண்டாவது வழி. ஆயிரம் லிட்டரை ஒரு மீட்டர் தூக்க எவ்வளவு சக்தி வேண்டும் என்பது இயற்பியல், அதில் மாற்றமில்லை. மோட்டாரும் பம்பும் சேர்ந்து எடுத்த மின்சாரத்தில் நூற்றுக்கு 40 பங்கைத்தான் தண்ணீர் தூக்கப் பயன்படுத்துகின்றன என்று வைத்தால், ஒரு யூனிட்டில் 100 அடியிலிருந்து சுமார் 4,800 லிட்டர் மேலே வரும். 1,000 அடியிலிருந்து வெறும் 480 லிட்டர். ஆக ஒரு பிர்காவில் மின் செலவு ஏறினால் தண்ணீர் அதிகம் எடுக்கிறார்கள் என்று பொருளாகிவிடாது. அதே தண்ணீரை, அல்லது அதைவிடக் குறைந்த தண்ணீரை, இன்னும் ஆழத்திலிருந்து இழுக்கிறார்கள் என்றும் இருக்கலாம். மட்டம் எத்தனை அடியில் என்று தெரியாமல் யூனிட்டை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் வறண்ட ஊர்தான் அதிகம் இறைப்பதாகத் தெரியும்.

மட்டம் தெரிந்தாலும் யூனிட் தெரிய வேண்டுமே! அங்கேதான் மீட்டர் வருகிறது. மீட்டர் என்றதும் விவசாயிக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபத்துக்கு வரலாறு உண்டு. 1970களில் மின்கட்டண உயர்வை எதிர்த்துக் கோவைப் பகுதியில் விவசாயிகள் நாராயணசாமி நாயுடு தலைமையில் திரண்டார்கள். மாட்டு வண்டிகள் கோவை நகரத்தை அடைத்தன. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. இலவச மின்சாரம் அந்த உயிர்களின் விலை என்று நினைக்கிற குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. ஆகவே ஒவ்வொரு பம்புசெட்டிலும் மீட்டர் மாட்டுவேன் என்று போய் நிற்பது சரியென்று எனக்குப் படவில்லை. ஆனால் விவசாயத்துக்கென்று தனியாகப் பிரித்த மின்பாதையின் தலைப்பில் ஒரு மீட்டர் இருந்தால் போதும். குஜராத் இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே கிராமத்து வீட்டு மின்சாரத்தையும் விவசாய மின்சாரத்தையும் தனித்தனிப் பாதையாகப் பிரித்தது. அப்படிப் பிரித்தால் யாருக்கும் பில் போகாது, யாருடைய கிணறும் தனியாகத் தெரியாது. அந்தப் பாதையில் உள்ள ஐம்பது நூறு மோட்டார்கள் மொத்தமாக எத்தனை யூனிட் இழுத்தன என்பது மட்டும் தெரியும். மதிப்பீட்டுக்கு அது தாராளம்.

மூன்றாவது வழி பயிர். கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் எந்தச் சர்வே எண்ணில் என்ன பயிர், எத்தனை ஏக்கர் என்று இருக்கிறது. நெல்லுக்கு ஒரு போகத்துக்கு 1,200 மில்லிமீட்டர் சொச்சம் தண்ணீர் வேண்டும், கரும்புக்கு 2,000, நிலக்கடலைக்கு 500, கேழ்வரகுக்கு 300 சொச்சம். ஒரு ஏக்கர் நெல்லுக்கு அது 48 லட்சம் லிட்டர் சொச்சம். நாலு பேர் உள்ள கிராமத்துக் குடும்பம் வருஷத்துக்கு 80,000 லிட்டர் என்றால், அறுபது குடும்பங்களின் ஓராண்டுத் தண்ணீர் ஒரு ஏக்கர் நெல்லின் ஒரு போகத்தில் இருக்கிறது. இதில் பயிர் காலத்தில் பெய்யும் மழையின் பங்கைக் கழிக்க வேண்டும். வாய்க்கால் தண்ணீர் பாய்ந்தால் அதையும் கழிக்க வேண்டும். சொட்டுநீர் போட்டவருக்கு வேறு கணக்கு. அடங்கலில் எழுதியதும் வயலில் நிற்பதும் ஒன்றாக இல்லாவிட்டால் செயற்கைக்கோள் படத்தை வைத்துச் சரிபார்க்கலாம். பச்சை எங்கே, எத்தனை வாரம் நின்றது என்பதை அது மறைக்காது. மூன்று வழிகளில் எனக்கு அதிக நம்பிக்கை இதில்தான். மோட்டார் ஓடிய நேரம் யாருக்கும் நினைவிருக்காது, ஆனால் கரும்பு நின்றதை ஊரே பார்த்திருக்கும்.

எடுப்பது இருக்கட்டும், சேர்வது எவ்வளவு? மழையில் எத்தனை பங்கு மண்ணுக்குள் இறங்குகிறது என்று பாறை வகைக்கு ஏற்ப ஒரு விகிதம் உண்டு. ஆற்று வண்டலில் மழையில் 22 சதவீதம் வரை இறங்கும். களி குறைவான, சிதைந்த கருங்கல் பாறைப் பகுதியில் 11. தமிழ்நாட்டின் பெரும்பகுதி கடும்பாறைதான். நம் பிர்காவில் 700 மில்லிமீட்டரில் 11 சதவீதம் என்றால் 770 ஹெக்டேர் மீட்டர். ஏரி, குளம், தடுப்பணைகளிலிருந்து 150 என்று வைப்போம். பாய்ச்சிய தண்ணீரிலும் ஒரு பகுதி திரும்ப இறங்கும். மட்டம் 10 முதல் 25 மீட்டருக்குள் இருந்து, நெல் அல்லாத பயிராக இருந்தால் கிணற்று நீரில் 15 சதவீதம் என்பது விதி. அது 182. ஆக மொத்தம் 1,100 சொச்சம். இயற்கையாக ஓடைகளில் கசிந்து போவதற்கு 10 சதவீதம் தள்ளினால், எடுக்கத்தக்கது சுமார் 990.

எடுப்பது பாசனத்துக்கு 1,215, வீட்டுக்கு 80, கூட்டினால் 1,295. எடுக்கத்தக்கதில் 131 சதவீதம். 70 வரை பாதுகாப்பானது, 90 வரை ஓரளவு நெருக்கடி, 100 வரை நெருக்கடி, அதற்கு மேல் அதீத நுகர்வு. நம் பிர்கா அதீத நுகர்வில் விழுகிறது. 2020 மதிப்பீட்டில் தமிழ்நாட்டின் 1,166இல் 435 பிர்காக்கள் இந்த வகையில் இருந்தன.

இப்போது அந்த ஐந்து மணி நேரத்தை மூன்று என்று மாற்றுங்கள். பாசனம் 729 ஆகிறது, திரும்ப இறங்குவதும் குறைகிறது, சதவீதம் 87க்கு வந்துவிடுகிறது. ஓரளவு நெருக்கடி, அவ்வளவுதான். மழை மாறவில்லை, பாறை மாறவில்லை, ஒரு போர் கூடவோ குறையவோ இல்லை. விவசாயி சொன்ன பதில் மட்டும் மாறியது. இந்தச் சதவீதத்தை வைத்துத்தான் புதிய போருக்கும் தொழிற்சாலைக்கும் அனுமதி பேசுகிறோம் என்பதை நினைத்தால், மணி நேரத்தை ஒழுங்காக அளப்பது எவ்வளவு அவசரம் என்று புரியும்.

அதற்காக இந்தக் கணக்கே வீண் என்று தூக்கிப் போட வேண்டாம். சரிபார்க்க வழி இருக்கிறது, அது கிணற்றுக்குள்ளேயே இருக்கிறது. கண்காணிப்புக் கிணறுகளில் மழைக்கு முன்பும் பின்பும் மட்டம் எடுக்கிறார்கள். எஃகு நாடாவின் நுனியில் சாக்பீஸ் தேய்த்து, கிணற்றின் விளிம்பில் குறித்து வைத்த அதே இடத்திலிருந்து இறக்கி, ஈரம் பட்ட கோட்டைப் படிப்பது பழைய முறை. இப்போது பல இடங்களில் தானியங்கிக் கருவியே மட்டத்தைப் பதிகிறது. மட்டம் 3 மீட்டர் ஏறியது என்றால், அந்த 3 மீட்டர் கனத்தில் தண்ணீர் எவ்வளவு? நூறு லிட்டர் சிதைந்த பாறையிலிருந்து வடியக்கூடியது 3 லிட்டர் என்பது களி குறைந்த இடத்துக்கான எண். 10,000 ஹெக்டேருக்கு 900 ஹெக்டேர் மீட்டர் வருகிறது. மழைக்காலத்தில் ஓடிய மோட்டார்கள் எடுத்ததையும் அதோடு கூட்ட வேண்டும். மழை விகிதத்தில் போட்ட கணக்கும் இதுவும் அருகருகே வந்தால் நிம்மதி. வெகுதூரம் விலகினால் எங்கோ ஒரு எண் தப்பு, திரும்பப் போய்த் தேட வேண்டும். களி அதிகமான பாறையில் அந்த 3 ஒன்றரையாகிவிடும், 900 பாதியாகிவிடும். எனவே இங்கும் பாறையைத் தெரிந்தவர் ஒருவர் கூட இருக்க வேண்டும்.

சரிபார்ப்பில் மிகக் கறாரானது மட்டத்தின் போக்கு. பத்து வருஷமாக மழைக்குப் பிந்தைய மட்டம் இறங்கிக்கொண்டே வந்தால், அறிக்கையில் 65 சதவீதம், பாதுகாப்பானது என்று இருந்தாலும் நான் கிணற்றைத்தான் நம்புவேன். 2015 நெறிமுறையும் மதிப்பீட்டை மட்டப் போக்கோடு ஒத்துப் பார்க்கச் சொல்கிறது. வானத்திலிருந்து எடை பார்க்கும் வழியும் வந்துவிட்டது. 2002இல் ஏவிய கிரேஸ் இரட்டைச் செயற்கைக்கோள்கள் சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்தன. கீழே நிலத்தின் நிறை கூடினாலும் குறைந்தாலும் அந்த இடைவெளி மிகச் சிறிதாக மாறும். அதை வைத்து ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானாவில் ஆறே ஆண்டுகளில் 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் போய்விட்டது என்று 2009இல் காட்டினார்கள். பெரிய நிலப்பரப்புக்கு அது பிரமாதமான கருவி. ஒரு பிர்காவைப் பிரித்துப் பார்க்க அதற்குக் கண் போதாது. நமக்கு நாடாவும் பேரலும்தான்.

அவற்றை விவசாயிகளிடமே கொடுத்தால் என்ன? ஒன்றுபட்ட ஆந்திரத்தில் செய்து பார்த்தார்கள். அனந்தபுரம், கடப்பா, சித்தூர் உள்ளிட்ட ஏழு வறட்சி மாவட்டங்களில், ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பின் உதவியோடு 2000களில் நடந்த திட்டம் அது. நம்மைப் போன்றே கடும்பாறைப் பூமி. விவசாயிகள் தாங்களே மழைமானி வைத்தார்கள், கிணற்று மட்டம் எடுத்தார்கள், பம்பு வரத்தை அளந்தார்கள். மழைக்காலம் முடிந்ததும், ரபி விதைப்புக்கு முன், ஊர் கூடி உட்கார்ந்து இவ்வளவு சேர்ந்திருக்கிறது, நீங்கள் என்ன போடப் போகிறீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு, பயிர்களின் தேவையைக் கூட்டி, சுவரில் எழுதினார்கள். பற்றாக்குறை எவ்வளவு என்பது எல்லோர் முன்னாலும் நின்றது. யாரையும் தடுக்கவில்லை, அபராதம் போடவில்லை. அதைப் பார்த்துவிட்டுப் பலர் நெல்லைக் குறைத்துத் தண்ணீர் குறைவாகக் கேட்கும் பயிருக்குப் போனார்கள்.

நம்மிடம் இதற்கு நாள் கூடத் தயாராக இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு முடிகிறது. கிணறுகள் நிறைந்து நிற்கும் ஜனவரி மாதத்தில் மட்டம் எடுக்கிறார்கள். ஜனவரி 26 கிராம சபை. கோடைக்கு என்ன போடுவது என்று பலர் இன்னும் முடிவு செய்திராத நேரம். நிலத்தடி நீர் மதிப்பீட்டு அறிக்கை 2022 முதல் ஆண்டுதோறும் வருகிறது. அதிலுள்ள நம் ஊர்ப் பக்கத்தையும், ஊரில் மூன்று நான்கு கிணறுகளில் எடுத்த மட்டத்தையும், அடங்கலில் உள்ள பயிர்ப் பரப்பையும் அன்று சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். மணி நேரக் கணக்கு தப்பாக இருந்தால், தப்பு என்று சொல்லக்கூடிய ஆட்கள் அந்தக் கூட்டத்தில்தான் இருப்பார்கள்.